உகாண்டாவிலிருந்து 400 மோட்டார் ஆர்டர்: விலையைக் குறைப்பதா, வேண்டாம் என்பதா?

பீளமேடு மோட்டார்

வணக்கம். கோவையில் போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டார் செய்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. அப்பா லேத் பட்டறையாக ஆரம்பித்தார். இன்றைக்கு 22 பேர் வேலை பார்க்கிறார்கள். கொங்குப் பக்கம், தேனி, பாலக்காடு, கொஞ்சம் சித்தூர் என்று விற்பனை. இதுவரை ஒரு பெட்டி கூடக் கப்பல் ஏறியதில்லை.

போன மாதம் கம்பாலாவிலிருந்து ஒரு இறக்குமதியாளர் நேரிலேயே வந்தார். பட்டறையைச் சுற்றிப் பார்த்தார், சாப்பிட்டார், நல்ல மனிதர்தான். 1 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார், பம்ப், பேனல் சேர்த்து 400 செட் கேட்கிறார். எங்கள் விலை செட்டுக்கு 9,200 ரூபாய். அவர் கேட்பது 7,800. பணம் 120 நாள் கழித்து. "சீனாக்காரன் இதற்கும் கீழே தருகிறான், ஆப்பிரிக்காவில் விலை ஒன்றுதான் பேசும்" என்கிறார்.

7,800-க்குச் செய்ய ஒரே வழிதான் இருக்கிறது. காப்பர் வைண்டிங்கை, அதாவது உள்ளே சுற்றுகிற கம்பியை, எடுத்துவிட்டு அலுமினியம் போட வேண்டும், ஸ்டாம்பிங் என்கிற இரும்புத் தகடு அடுக்கின் நீளத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். வெளியே பார்த்தால் யாருக்கும் தெரியாது. அதே ஸ்டீல் பாடி, அதே ஸ்டிக்கர். அப்பா கேட்டதும் எழுந்து போய்விட்டார். எனக்குப் பாதி மனசு. இங்கே உள்ளூரில் வருஷத்துக்கு வருஷம் லாபம் குறைகிறது, பெரிய கம்பெனிகள் டீலருக்கு டூர் கூட்டிப்போகிறார்கள், எங்களால் முடியாது. வெளியே போகாமல் இனி வளர வழியில்லை என்றுதான் தோன்றுகிறது.

வளர்ந்து வரும் நாடுகளில் வியாபாரம் செய்தவர்கள், அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள். விலையைக் குறைப்பதுதான் அங்கே உத்தியா?

திருப்பூர் நூல்கண்டு

தம்பி, அலுமினியமா காப்பரா என்பதற்கு அப்புறம் வாருங்கள். முதலில் அந்த 120 நாளைப் பாருங்கள்.

400 செட், 7,800 ரூபாய் என்றால் 31 லட்சத்து 20 ஆயிரம். காப்பர் கம்பியை ரொக்கத்துக்கு வாங்குவீர்கள். சனிக்கிழமை சம்பளம் கொடுப்பீர்கள். தூத்துக்குடியோ கொச்சியோ போய்ச் சேர்ந்து, கப்பல் ஏறி, மொம்பாசாவில் இறங்கி, அங்கிருந்து லாரியில் 1,100 கிலோமீட்டருக்கு மேல் போய்த்தான் கம்பாலா. உகாண்டாவுக்குக் கடற்கரை கிடையாது. அவர் சொல்கிற 120 நாள் எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறது? கப்பல் ஏறிய நாளிலா, சரக்கு அவர் குடோனுக்குப் போன நாளிலா? இதை எழுத்தில் வாங்கினீர்களா?

நான் பட்டதைச் சொல்கிறேன். கொழும்பில் எனக்கு ஒரு வாடிக்கையாளர், எட்டு வருஷப் பழக்கம், ஒரு நாள் பணம் தவறியதில்லை. 2022 மார்ச் ஆரம்பத்தில் டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த இலங்கை ரூபாய் மே மாதம் 360 ஆனது. அந்த மனிதர் தன் பாங்கில் ரூபாயைக் கட்டிவிட்டார். பாங்கில் அனுப்ப டாலர் இல்லை. அவர் யோக்கியர்தான், ஆனால் என் பணம் பத்து மாதம் வரவில்லை. நைஜீரியாவில் 2023 ஜூனில் டாலருக்கு 470 நைரா அளவில் இருந்தது, 2024 பிப்ரவரியில் 1,500-ஐத் தாண்டியது. அங்கே கடனுக்குச் சரக்கு போட்டவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். உகாண்டா ஷில்லிங் அந்த அளவுக்கு ஆடவில்லை, அது வேறு விஷயம்.

ஈசிஜிசி என்று மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டுக் கழகம் இருக்கிறது, 1957-லிருந்து. வாங்குபவர் பெயரைக் கொடுத்தால் அவருக்கு எவ்வளவு வரை காப்பீடு தரலாம் என்று பார்த்துச் சொல்வார்கள். அவர்கள் மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில். முதல் சரக்குக்குப் பாதி முன்பணம், மீதி டாக்குமென்டுக்கு எதிராக, அதாவது பாங்கில் பணம் கட்டினால்தான் சரக்கை எடுக்கும் பத்திரம் அவர் கைக்குப் போக வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் விலை பேசுவதே வீண்.

மதுரை டிரேடர்ஸ்

எல்லோரும் பயமுறுத்தாதீர்கள். நான் இருபது வருஷமாக எலெக்ட்ரிகல் மொத்த வியாபாரம். அலுமினியம் வைண்டிங் என்றால் ஏதோ பாவம் மாதிரிப் பேசக்கூடாது. டிரான்ஸ்ஃபார்மரில் அலுமினியம் இருக்கிறது, எத்தனையோ ஃபேனிலும் மிக்சியிலும் இருக்கிறது. கையில் காசு இல்லாதவனுக்கு மூன்று வருஷம் ஓடுகிற மோட்டார் போதும். பத்து வருஷ மோட்டார்தான் விற்பேன் என்றால் அவன் குடத்தோடு நடக்க வேண்டியதுதான்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அலுமினியம் என்று பெட்டியில் அச்சடித்து விற்றால் அதில் தப்பே இல்லை.

கடலூர் லைன்சேல்ஸ்

விலைதான் பேசும் என்று அந்தக் கம்பாலாக்காரர் சொன்னது எனக்குப் பழைய நாட்களை நினைவூட்டுகிறது. எங்கள் ஊர்க் கதையையே எல்லோரும் அப்படித்தான் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

கடலூர் சின்னி கிருஷ்ணன் எப்சம் சால்ட்டையும் பவுடரையும் சின்னப் பொட்டலமாகப் போட்டு விற்றவர். கூலிக்காரரும் வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்பு போட்டார்கள். அதிலிருந்து வெளியே வந்த சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயில் சிக் ஷாம்பு ஆரம்பித்தார். இன்றைய கெவின்கேர். எல்லோருக்கும் தெரிந்த கதை. "சாஷேயில் போட்டு மலிவாக விற்றார், ஜெயித்தார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். சாஷே அப்போது இவரிடம் மட்டும் இல்லையே? மலிவு எல்லோரிடமும் இருந்தது.

நான் தொண்ணூறுகளில் வேறொரு கம்பெனிக்கு லைன்சேல்ஸ் பையன். நெல்லிக்குப்பம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி ரூட். சைக்கிள் கேரியரில் அட்டைப்பெட்டி. ஒரு பெட்டிக்கடையில் நின்று பார்த்தால்தான் இந்த வியாபாரம் புரியும். கடைக்காரம்மா காலையில் கல்லாவில் இருப்பது நாற்பது, ஐம்பது ரூபாய். பாட்டில் ஷாம்பு ஒன்று வாங்கி வைத்தால் அந்தக் காசு இரண்டு மாதம் அலமாரியில் தூங்கும். சாஷே சரம் ஒன்றை ரொக்கத்துக்கு வாங்கி, கூரைக் கம்பில் ஆணி அடித்துத் தொங்கவிடுவார்கள். அலமாரி இடம் வேண்டாம். வருகிறவர் கண்ணுக்கு நேராக ஆடும். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலத்துக்குள் சரம் பாதி போய்விடும், போட்ட காசு கைக்கு வந்துவிடும். மறுநாள் என்னிடம் அடுத்த சரம். சாஷே வாங்குபவருக்கு எவ்வளவு வசதியோ அதைவிடக் கடைக்காரருக்கு வசதி. இதை யாரும் எழுதுவதில்லை.

சிக் செய்ததில் எனக்குப் பிடித்தது காலி சாஷே திட்டம். எந்தக் கம்பெனியின் காலி சாஷேயானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். பிள்ளைகள் தெருத்தெருவாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். ஆள் பழகியதும், இனி சிக் சாஷே மட்டும்தான் என்று மாற்றினார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சம் ஆனதாக ரங்கநாதனே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். காலி சாஷே மாற்றுகிற வேலை யாருடையது? கடைக்காரருடையது. அதற்காகவே கடையில் சரக்கு இருந்தாக வேண்டும். அப்புறம் ஊர் ஊராகப் போய், கூட்டத்துக்கு நடுவில் ஒரு பையனை உட்காரவைத்துத் தலைக்குத் தேய்த்துக் காட்டி, "தொட்டுப் பாருங்க" என்றார்கள். சீயக்காய் தவிர வேறு தெரியாத ஊரில் தொட்டுப் பார்க்காமல் யார் வாங்குவார்கள்?

தம்பி, உங்கள் மோட்டாருக்குக் கம்பாலாவில் அந்தப் பெட்டிக்கடைக்காரம்மா யார்? அதைக் கண்டுபிடியுங்கள். இறக்குமதியாளர் அவர் இல்லை.

நீலகிரி மழை

கடலூர் அண்ணன் சொன்னது அருமை. ஆனால் அந்தச் சரங்கள் இன்றைக்கு எங்கள் ஊர் ஓடைகளில் கிடக்கின்றன. பல அடுக்கு பிளாஸ்டிக், மறுசுழற்சிக்கு எடுக்க ஆள் இல்லை. 2019-ல் தமிழ்நாடு பிளாஸ்டிக் தடை கொண்டுவந்தபோதும் இந்தச் சின்ன உறைகள் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டன. வெற்றிக் கதை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடலூர் லைன்சேல்ஸ்

ஒத்துக்கொள்கிறேன் அம்மா. காலி உறையைத் திருப்பி வாங்கும் வழி கடைக்காரர் கையில் ஒரு காலத்தில் இருந்தது. விற்பனைக்காகச் செய்ததைக் குப்பைக்காகவும் தொடர்ந்திருக்கலாம்.

கம்பாலா வாசி

பதினோரு வருஷமாக உகாண்டாவில் இருக்கிறேன், கட்டடச் சாமான் வியாபாரம். கடலூர் அண்ணன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அந்தக் கடைக்காரம்மா இங்கே ஃபுண்டி.

சுவாஹிலியில் ஃபுண்டி என்றால் கைவேலைக்காரர். பிளம்பர், எலெக்ட்ரீஷியன், மேஸ்திரி, மெக்கானிக் எல்லோருமே ஃபுண்டிதான். கென்யாவில் இவர்கள் தொழிலுக்கு ஜுவா காலி என்று பெயர், சுடுவெயில் என்று அர்த்தம். கூரையில்லாமல் வெயிலில் உட்கார்ந்து வேலை பார்ப்பதால் வந்த பெயர். கம்பாலாவைச் சுற்றிப் புதிது புதிதாக வீடு கட்டுகிறார்கள், பள்ளிக்கூடம், கோழிப்பண்ணை என்று வருகிறது. குழாய்த் தண்ணீர் போதவில்லை, போர் போடுகிறார்கள். மோட்டார் எது வாங்குவது என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஃபுண்டியைக் கையோடு கடைக்குக் கூட்டிவருவார். கவுன்ட்டரில் நான் இரண்டு பெட்டியை வைப்பேன். வீட்டுக்காரர் விலையைப் பார்ப்பார். ஃபுண்டி பெட்டியைப் பிரித்து, கேபிள் வருகிற இடத்தை விரலால் அழுத்திப் பார்த்து, கையில் தூக்கி எடை பார்ப்பார். எடை குறைவாக இருந்தால் உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்துவிடுவார். அதோடு அந்தப் பெட்டி திரும்ப அலமாரிக்குப் போய்விடும். எடை எதனால் குறைகிறது என்று பீளமேட்டுத் தம்பிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஃபுண்டிக்கு இதில் என்ன அக்கறை? மோட்டார் எரிந்தால் வீட்டுக்காரர் முதலில் பிடிப்பது அவர் சட்டையைத்தான். கம்பெனி இருப்பது எங்கோ இந்தியாவில். இங்கே உத்தரவாத அட்டை வெறும் காகிதம். நுகர்வோர் மன்றம், சர்வீஸ் சென்டர் எல்லாம் இருக்கிற நாட்டில் அவை செய்கிற வேலையை இங்கே ஒரு மனிதனின் பேர் செய்கிறது.

விலைதான் பேசும் என்பவர்கள் கம்பாலா ரோட்டில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். போடா போடா என்று பைக் டாக்ஸி, ஆயிரக்கணக்கில். அதிகம் தெரிவது பஜாஜ் பாக்ஸர். அடுத்து ஓசூரிலிருந்து வரும் டிவிஎஸ். இரண்டுமே சீன பைக்கைவிட விலை அதிகம். ஆனாலும் கடன் வாங்கியாவது இதைத்தான் வாங்குகிறார்கள். ஏன் என்று எங்கள் கடைக்குச் சாமான் ஏற்றிவருகிற பையனிடம் கேட்டேன். "இந்த வண்டி எந்த ஊரில் நின்றாலும் ஸ்பேர் கிடைக்கும், பிரிக்கத் தெரிந்த ஃபுண்டி இருப்பார். விற்றாலும் பாதிக் காசு திரும்பும். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைக்கு வீட்டில் சமையல் இல்லை" என்றான். விலைச்சீட்டில் இருக்கிற எண்ணை மட்டும் வைத்து அவன் கணக்குப் போடவில்லை.

மதுரை டிரேடர்ஸ்

சரிங்க, ஆனால் சீனாக்காரன் போனில் ஆப்பிரிக்காவையே பிடித்துவிட்டானே? அது விலையால்தானே?

கம்பாலா வாசி

டெக்னோ, ஐடெல், இன்ஃபினிக்ஸ் மூன்றுமே ஷென்செனில் இருக்கிற டிரான்ஷன் என்ற ஒரே கம்பெனியுடையவை. சொந்த நாட்டில் அவர்கள் போன் கிட்டத்தட்ட விற்பதே இல்லை. விலை குறைவு உண்மைதான், ஆனால் அவர்களுக்கு முன்னாலேயே மலிவு சீன போன்கள் இங்கே குவிந்து கிடந்தன. ஒரு கம்பெனி சிம்மிலிருந்து இன்னொன்றுக்குப் பேசினால் கட்டணம் எகிறும் என்பதால் ஆளுக்கு இரண்டு மூன்று சிம் வைத்திருப்போம். அதற்கேற்றபடி சிம் இடம் வைத்தார்கள். கரண்ட் போனால் வராது என்பதால் பெரிய பாட்டரி. கறுப்பு முகம் தெளிவாக விழும்படி கேமரா. பழுது பார்க்கக் கார்ல்கேர் என்று தனிக் கடைகள். இதையெல்லாம் இங்கே உட்கார்ந்து பார்த்தவன்தான் செய்ய முடியும்.

வணிகவியல் வகுப்பு

கல்லூரியில் உத்தி மேலாண்மை எடுக்கிறேன். இந்த இழையை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் பாடத்தில் சொல்ல நாங்கள் திணறுவது இங்கே தானாக வந்து விழுகிறது.

ஃபுண்டியைப் பற்றிச் சொன்னதை ஹார்வர்டு பேராசிரியர்கள் தருண் கன்னாவும் கிருஷ்ணா பாலெப்புவும் நிறுவன வெற்றிடம் என்பார்கள். நம்பகமான சோதனைச்சாலை, விரைவான நீதிமன்றம், கடன் தகவல், பழுதுபார்க்கும் வலை இவை இல்லாத இடத்தில் அந்த ஓட்டையை யாரோ ஒருவர் அடைத்துக்கொண்டு இருப்பார். சந்தைக்குள் நுழைகிறவர் தானே அதை அடைக்கலாம், அல்லது அடைத்துக்கொண்டிருப்பவரோடு சேரலாம். அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் நுழைவதுதான் ஆபத்து.

அதற்கு ஏர்டெல்லை உதாரணம் சொல்வேன். 2010-ல் குவைத்தைச் சேர்ந்த ஜெயின் (Zain) கம்பெனியிடமிருந்து ஆப்பிரிக்காவின் 15 நாடுகளின் தொலைபேசித் தொழிலை 10.7 பில்லியன் டாலருக்கு வாங்கினார்கள். இந்தியாவில் ஜெயித்த முறை கையில் இருந்தது. கட்டணத்தைக் குறை, நிமிடங்கள் பெருகும், செலவு பங்கிட்டுப் போகும். நிமிடத் தொழிற்சாலை என்றே அதற்குப் பெயர். கென்யாவில் அதே ஆண்டு கட்டணத்தை வெட்டினார்கள். அங்கே முதலிடத்தில் இருந்த போன் கம்பெனி சஃபாரிகாமும் வெட்டியது. விலைப்போர் நடந்தது, எல்லோருடைய லாபமும் போனது, ஆனால் சஃபாரிகாம் வாடிக்கையாளர்கள் கூட்டமாக இந்தப் பக்கம் வந்துவிடவில்லை. அவர்கள் பணம் அந்த சிம்மில் இருந்தது. 2007 மார்ச்சில் ஆரம்பித்த எம்-பெசா, செல்போனிலேயே பணம் அனுப்புகிற சஃபாரிகாம் சேவை, அதற்குள் ஊருக்கு ஊர் ஏஜென்ட் வைத்துவிட்டது. அம்மாவுக்குப் பணம் அனுப்புகிற சிம்மை, நிமிடத்துக்குச் சில காசு மிச்சம் என்று யார் தூக்கிப்போடுவார்கள்? டவருக்கு டீசல், ஒவ்வொரு நாட்டிலும் தனி உரிமம், தனி நாணயம் என்று இந்தியாவில் இல்லாத செலவுகள் வேறு. ஏர்டெல் ஆப்பிரிக்கா பல வருஷம் நஷ்டத்தில் ஓடியது. விலை உத்தியை விட்டு, நெட்வொர்க்கையும் ஏர்டெல் மணியையும் பலப்படுத்தி, சில நாடுகளை விற்று வெளியேறி, பிறகுதான் நிமிர்ந்தது. 2019-ல் லண்டன் பங்குச் சந்தைக்குப் போனது.

தலைகீழாகவும் பார்க்கலாம். அதே எம்-பெசாவை வோடஃபோன் 2013-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 2019-ல் மூடியது. இங்கே ரிசர்வ் வங்கி விதிகள் வேறு, வங்கிகளே கிராமம் வரை கணக்குத் திறந்துகொண்டிருந்தன, பிறகு யுபிஐ வந்துவிட்டது. கென்யாவில் இருந்த ஓட்டை இங்கே வேறு ஆட்களால் அடைபட்டது. "வளரும் சந்தை" என்ற பெயரே 1981-ல் உலக வங்கிக் குழுமத்தில் வேலை பார்த்த ஆன்ட்வான் வான் ஆக்ட்மேல் முதலீட்டாளர்களுக்காகச் சூட்டியது. வாங்குகிறவர்களுக்காக வைத்த பெயரில்லை. கம்பாலாவும் கொழும்பும் லாகோஸும் அந்தப் பெயரால் ஒன்றாகிவிடாது.

மதுரை அண்ணனுக்கு ஒன்று. ஏழைக்கும் பொருள் போய்ச் சேர வேண்டும் என்ற உங்கள் வாதத்தை உலகம் முழுக்க எடுத்துச் சென்றவர் கோவையில் பிறந்த சி.கே. பிரகலாத். பிரமிடின் அடித்தட்டில் பெரிய சந்தை இருக்கிறது என்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவருடன் வேலை பார்த்த அனில் கர்னானியே அதை மறுத்தார். ஏழையிடம் விற்பதால் ஏழ்மை போகாது, அவர் செய்வதை வாங்கினால்தான் போகும் என்பது அவர் வாதம். எனக்கு இருவர் பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனால் மூன்று வருஷத்தில் எரிகிற மோட்டாரை முப்பது மாதக் கடனில் வாங்குகிறவர் கணக்கை இரண்டு பேருமே ஏற்கமாட்டார்கள்.

உடுமலை வைண்டிங்

எனக்கு எழுத வராதுங்க, பையன் டைப் பண்றான். முப்பத்தி நாலு வருசமா மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருக்கேன். அலுமினிய மோட்டார் என் கடைக்கு வந்துட்டுத்தான் இருக்குது, அதனால சொல்றேனுங்க.

ராத்திரி வோல்டேஜ் 170, 160-ன்னு இறங்கிரும். மோட்டார் அதே வேலையச் செய்யணுமில்ல, ஆம்பியர ஏத்தி இழுக்கும். காப்பரே சூடாகுமுங்க. அலுமினியம் காப்பரு மாதிரி கரண்ட விடாது, அதே ஸ்லாட்டுல தடிமனான கம்பி போட இடமில்ல, சூடு இன்னும் ஏறும். ஜாயின்ட்டுல பூத்துப் போயிரும். பிரிச்சுப் பாத்தா காயில் கருகினதவிட ஜாயின்ட்டு விட்டதுதான் அதிகமா இருக்கும். வெவசாயி "ஏனுங்க, வாங்கி ஒண்ணரை வருசந்தான் ஆச்சு"ன்னு கேக்கறப்ப அவரு மூஞ்சியப் பாக்க முடியறதில்லைங்க. தென்னைக்குத் தண்ணி நின்னு நாலு நாள் ஆயிருக்கும்.

கோயமுத்தூர் மோட்டாரு எப்படி இத்தன ஊருக்குப் போச்சுன்னு நெனைக்கறீங்க? எங்கள மாதிரி ஆளுக ஊருக்கு ஒருத்தன் இருக்கறதால. எரிஞ்சாலும் ரெண்டு நாள்ல சுத்திக் குடுத்துருவோம்னு வெவசாயிக்குத் தெரியும். கம்பெனிக்காரங்க வைண்டிங் டேட்டா குடுப்பாங்க, எத்தன சுத்து, என்ன கேஜ், என்ன பிட்ச்சுன்னு. சில பேரு குடுக்கமாட்டாங்க, ஒளிச்சு வெப்பாங்க. அந்தக் கம்பெனி மோட்டார நாங்களும் வாங்கச் சொல்றதில்லைங்க.

உகாண்டாக்காரருக்கு மோட்டாரு மட்டும் அனுப்பாதீங்க. சுத்தறதுக்குச் சொல்லிக் குடுங்க.

பீளமேடு மோட்டார்

மூன்று தடவை படித்தேன். உடுமலை அண்ணா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இதைத்தான் நான் சொல்ல வந்தேன், சொல்லத் தெரியவில்லை" என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு நேற்று இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கம்பாலா அண்ணனிடம் ஒரு கேள்வி. அங்கே சப்மெர்சிபிள் ரீவைண்டிங் செய்கிறவர்கள் இருக்கிறார்களா? எங்களுடையது தண்ணீர் நிரப்புகிற வகை, சுற்றி எடுக்கலாம். நீங்கள் விற்கிற சீன மோட்டார்கள்?

கம்பாலா வாசி

வருவதில் பாதி சீல் செய்தவை, எரிந்தால் பழைய இரும்புக்குத்தான். வைண்டிங் கடைகள் உண்டு, ஆனால் மேலே வைக்கிற மோட்டார்தான் சுற்றுவார்கள். தண்ணீருக்குள் போகிறதை எடுக்கத் தயங்குகிறார்கள். அதற்கான பிவிசி சுற்றிய கம்பி இங்கே லேசில் கிடைப்பதில்லை. கிழக்கு உகாண்டாவில் எம்பாலே ஊரில் எனக்குத் தெரிந்த ஹார்ட்வேர்க் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் தம்பியே வைண்டிங் கடை வைத்திருக்கிறார். பேசிப் பார்க்கிறேன்.

திருச்சி ராக்போர்ட்

நானோ காரையும் ஒரு வரி நினைத்துக்கொள்ளுங்கள். 2009-ல் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று வந்தது, 2018-ல் உற்பத்தி நின்றுபோனது. காசு சேர்த்து முதல் கார் வாங்குகிறவர் "உலகத்திலேயே மலிவான கார்" என்று தெருவுக்குச் சொல்ல விரும்பவில்லை. கையில் பணம் குறைவாக இருப்பவருக்கு மானம் குறைவாக இருக்கும் என்று எண்ணிவிட்டார்கள்.

வணிகவியல் வகுப்பு

பணத்துக்கும் ஒரு வழி யோசிக்கலாம். கென்யாவில் எம்-கோபா என்ற கம்பெனி 2012-ல் சூரிய விளக்கைத் தவணையில் விற்க ஆரம்பித்தது. கொஞ்சம் முன்பணம், பிறகு தினமும் எம்-பெசாவில் சில ஷில்லிங். கட்டாவிட்டால் விளக்கு நின்றுவிடும், கட்டியதும் எரியும். மண்ணெண்ணெய்க்கு தினமும் செலவழித்த காசுதான் தவணை ஆனது. உங்கள் அளவுக்கு இப்போது முடியாது. ஆனால் 9,200-ஐ 7,800 ஆக்குவதைவிட, 9,200-ஐ எத்தனை கையாகப் பிரித்துக் கட்டலாம் என்ற கேள்வி வாங்குகிறவருக்கு அதிகம் உதவும். கடைக்காரர் சம்மதித்தால் கோழிப்பண்ணை, பள்ளிக்கூடம் போன்றவர்களிடம் முதலில் முயலலாம்.

பீளமேடு மோட்டார்

எழுதி ஏழு வாரம் ஆகிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வந்தவரிடம் பாதி முன்பணம் கேட்டேன். காப்பர்தான், விலை 9,000-க்குக் கீழே வராது என்றேன். அவர் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். போனை வைத்தபோது கை நடுங்கியது. 400 செட் என்பது எங்களுக்கு மூன்று மாத வேலை.

எம்பாலே கடைக்காரர் 60 செட் எடுக்கிறார். 8,950 ரூபாய், பாதி முன்பணம் வந்துவிட்டது, மீதி டாக்குமென்டுக்கு எதிராக. உகாண்டாவின் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு கேட்கிற ஏற்றுமதிக்கு முந்தைய சோதனைக்குச் சரக்கு காத்திருக்கிறது. இதில் இவ்வளவு நாள் ஆகும் என்று நினைக்கவில்லை, முதலிலேயே ஏஜென்சியிடம் பேசியிருக்க வேண்டும். சரக்கோடு எட்டு மோட்டாருக்கான வைண்டிங் கம்பி, புஷ், த்ரஸ்ட் பேரிங், சீல் தனிப் பெட்டியில் போகிறது. அதற்கு விலை போடவில்லை. கடைக்காரரின் தம்பி அடுத்த மாதம் இங்கே வந்து பத்து நாள் எங்கள் வைண்டிங் பெண்களோடு உட்கார்ந்து பழகப் போகிறார். உடுமலை அண்ணா கடைக்கும் இரண்டு நாள் அனுப்பலாமா? பேனலில் லோ வோல்டேஜ் கட்-ஆஃப் சேர்த்திருக்கிறேன், செட்டுக்கு 180 ரூபாய் கூட ஆனது.

வைண்டிங் டேட்டாவைப் பெரிய ஸ்டிக்கராக அடித்து மோட்டார் பாடியில் ஒட்டலாம் என்று இருக்கிறேன்.

உடுமலை வைண்டிங்

தாராளமா அனுப்புங்க, எங்க வீட்லயே தங்கட்டும். ஸ்டிக்கர் மோட்டார்ல ஒட்டாதீங்க. தண்ணிக்குள்ள ஆறு மாசத்துல உரிஞ்சு பம்ப்ல சுத்திக்கும். பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க, மோட்டார் மேல பஞ்ச் அடிச்சு நம்பர் மட்டும் போடுங்க. பேனலும் மாறிப் போறது உண்டு, அதனால கடைக்காரரு கிட்ட ஒரு நோட்டுல எழுதி வெக்கச் சொல்லுங்க.